கிரேக்கத்து முகட்டில் நான் போட்ட கொளுக்கி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றை முதலில் சொல்கிறேன், கேளுங்கள். மருதமுனையில் இரண்டு தறிக்கொட்டில். பெரியநீலாவணையில் மீன்காரருக்கு ஓர் ஐஸ் அறை. சவளக்கடையில் நெல் காயப்போடும் களம், இன்று வரை மயிரிழை வெடிப்புக் கிடையாது. எங்கள் பள்ளிவாசலில், தொழ முன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தண்ணீர்த் தொட்டி. அது ஒழுகும் என்று கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் எழுதியே கொடுத்தார். அவர் ஓய்வுபெற்றும் போய்விட்டார், தொட்டி இன்னும் ஒழுகவில்லை. கடல் வந்து என்னுடைய சொந்த வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, எனக்கென்று ஒரு சாந்தகப்பை கூட மிஞ்சாத நிலையில், நான்கு பெண்மக்களுக்கு நான்கு வீடு. எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடுதான் கொடுப்பது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும்.

நான் கட்டிய எந்த வீட்டிலும் ஹோலுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள், இரண்டு கொளுக்கி இருக்கும். ஒன்று காற்றாடிக்கு. மற்றது பிள்ளைக்கு ஏணை கட்ட. கொங்கிறீட் போட முன்னமே கம்பியை வளைத்து உள்ளே வைத்துவிடுவேன். சேலையை அதில் மடித்துக் கட்டிப் பிள்ளையைப் போட்டால் போதும், வீடே சேர்ந்து ஆடும். மேசனை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். "கொளுக்கிப் பாஸ்" என்று கல்முனைச் சந்தையில் கேட்டால் என்னுடைய வாசலில் கொண்டுவந்து விடுவார்கள்.

கடைசி மகள் சப்னாவின் வீட்டுக் கொளுக்கிதான் சும்மா கிடந்தது. அவளுடைய மாப்பிள்ளை றிம்சான் கிரேக்க நாட்டில் ஒரு கடற்கரை ஊரில் படகு எஞ்சின் திருத்துகிறார். மகளும் அங்கேதான். வயிற்றில் தலைப்பிள்ளை, எட்டாம் மாதம் தொடங்க இருந்தது. இன்னும் இரண்டு கிழமை கடந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்களாம். போனில் எத்தனை தரம் கூப்பிட்டாலும், "நான் இஞ்சயே பெத்துக்கிறன் வாப்பா, றிம்சானுக்கு லீவு இல்ல" என்ற ஒரே கதை.

என் மனைவி சுலைஹா சொன்னாள், "போனில கதைச்சி அவள் வரமாட்டாள். நீங்க போய்க் கையப் புடிச்சிக் கூட்டிட்டு வாங்க."

போனேன். இதை எழுதுவதும் நான்தான். எழுத்துப் பிழையை மூத்த மகள் திருத்தினாள், அவள் டீச்சர். சொல்லில் கைவைக்க விடவில்லை.

தலைநகரத்திலிருந்து அந்த ஊருக்கு பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம். ஒருபக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு சாரனின் அகலத்துக்கு றோட்டு. சாரதி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மற்றக் கையால் பின்னாலிருந்த பெண்ணோடு வாதாடிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் தனியார் பஸ் ஓடுகிறவர்களைக் கொண்டுபோய் விட்டால் ஒரு கிழமையில் பழகிக்கொள்வார்கள்.

இடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். லுஹர்த் தொழுகைக்கு நேரம் வந்துவிட்டது. கைகழுவுகிற பேசினில் ஒளுச் செய்தேன். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தபோது ஒரு பெண் உள்ளே வந்தாள், என் காலைப் பார்த்தாள், கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் அவசரப்படவில்லை, இடது காலையும் கழுவினேன். ஒரு மூலையில் தொழுதுவிட்டு வெளியே வந்தால் பஸ் போய்விட்டது. என் பார்சலும் அதில்தான் போனது. போனும் பார்சலுக்குள்.

அடுத்த பஸ் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது. நான் போய் இறங்கும்போது, தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் என் பார்சலுக்கு ஒரு கதிரை போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். சுற்றிவர ஏழெட்டுக் கிழவர்கள். பார்சலுக்குள் கருவாடு. வெயிலுக்கு அது தன்னுடைய வேலையைக் காட்டிவிட்டது. மருமகன் என்னைக் காணாமல் போன் எடுக்க, பெட்டிக்குள்ளிருந்து மணி அடித்திருக்கிறது. அடித்தடித்து ஓயும் வரை அத்தனை பேரும் எழும்பி நின்று பார்த்தார்களாம். அதில் ஒருவர் நான் வந்ததும் என் தோளைத் தட்டிச் சிரித்தார். பெருத்த உடம்பு, நரைத்த மீசை. யோர்கோஸ் என்று பெயர். மகள் இருக்கிற வீட்டின் சொந்தக்காரர்.

மகள் வாசலிலேயே நின்றாள். வயிறு அவளுக்கு முன்னால் வந்து ஸலாம் சொன்னது.

"வாப்பா, வந்த கையோட ஒண்டு சொல்றன். என்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்க எண்டா, நான் வரமாட்டன்."

"தண்ணி தா முதல்ல."

"தண்ணி தாறன். வரமாட்டன்."

பிடிவாதத்தில் அவள் அசல் சுலைஹா. நான் அப்படி இல்லை. நான் சொன்னால் சொன்னதுதான், அவ்வளவுதான்.

ஊர் அமைதியான ஊர். இரண்டு றோட்டு, ஒரு தேவாலயம், கரையில் வரிசையாகப் படகு. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையை எல்லாம் பூட்டிவிட்டு ஊரோடு படுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டுவது போல இவர்கள் நித்திரைக்குப் பூட்டுகிறார்கள். எட்டுக்கால் கணவாயைப் பிடித்து, கொடியில் சேட்டுக் காயப்போடுவது போலக் காயப்போட்டிருக்கிறார்கள். அதைச் சுட்டு உப்பும் எண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் விட்டுத் தருவார்கள். மிளகாய் கேட்டேன். ஒரு சிவப்புப் பொடி கொண்டுவந்தார்கள், பார்வைக்கு மிளகாய்த்தூள், வாயில் வைத்தால் இனிப்பு. அந்த நாட்டில் என்னை ஏமாற்றிய ஒரே சாமான் அது.

அடுத்த நாள் காலை வீட்டைச் சுற்றிவந்து பார்த்தேன். கட்டடக்காரன் கண் சும்மா இருக்காது. கீழ்த்தட்டில் யோர்கோஸும் மனைவி எலேனியும். மேல்தட்டில் மகளும் மருமகனும் வாடகைக்கு. அதற்கு மேல் மொட்டைச் சிலாப், சிலாப்பில் பன்னிரண்டு தூணுக்குக் கம்பி நீட்டி நின்றது. எங்கள் ஊரில் மகளுக்கு மேலே வீடு ஏற்ற விட்டு வைப்பது போலவே.

"இந்த மனிசனுக்குக் கட்டிக் குடுக்காத மகள் ஒண்டு இரிக்கி" என்றேன்.

மருமகன் சிரித்தார். "இல்ல மாமா. வீடு முடிஞ்சா வரி கட்டோணுமாம். அதுக்குத்தான் கம்பிய விட்டு வைக்கிறண்டு சொல்றாங்க."

"மகன், நான் நாப்பது வருசமாக் கம்பி கட்டுறன். வரிக்கு விட்ட கம்பிய இப்படி நேரா நிமித்தி விடமாட்டான். இது மகளுக்கு விட்ட கம்பி."

மூன்றாம் நாள் எலேனி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். இறைச்சி கிடையாது, சோறும் மீனும்தான் என்று மகள் கேட்டு வைத்திருந்தாள். ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்ன இலைப் பொட்டலம், உள்ளே சோறு. ஆகா, நம்முடைய சோற்றுப் பார்சலின் குட்டி என்று நினைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோற்றைச் சாப்பிட்டு, இலையை ஓரமாக அடுக்கினேன். பதினான்கு இலை. எலேனியின் முகம் போன போக்கைப் பார்த்து மகள் குனிந்து காதுக்குள் சொன்னாள்:

"வாப்பா, இலையையும் தின்னுற. அந்த மனிசி விடியத்தில இரிந்து சுத்தினது."

அடுக்கியதை அடுக்கியபடியே எடுத்து வாயில் போட்டேன். பதினான்கையும். அதைக் கண்டு யோர்கோஸ் மேசையில் அடித்துச் சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். பாஷை இல்லாத கூட்டாளிகள்.

ஐந்தாம் நாளும் போய்விட்டது, மகள் அசையவில்லை. சுலைஹா போனில், "சரியா, வாறாளா?" என்றாள். "நிலமையப் பாத்திட்டுச் சொல்றன்" என்றேன். "நிலமைய இஞ்ச இரிந்தே எனக்குத் தெரியிது" என்று வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டால் மகள் எங்கே போவாள்? வாப்பா கட்டிய வீட்டுக்குத்தான். இதை யோர்கோஸிடம் சொல்ல ஆள் வேண்டும். மகளிடமா கேட்பது? அந்த ஊர்ப் படகுகளில் எகிப்துக்காரர் மீன்பிடிக்கிறார்கள். அதில் ஹஸன் என்பவன் பதினைந்து வருடமாக அங்கே, கிரேக்க மொழி தண்ணீர் போல வரும். நான் றியாத்தில் பன்னிரண்டு வருடம் சுவர் பூசியவன். அவன் கதைத்தது மீன்கார அரபு, நான் கதைத்தது மேசன் அரபு. இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. அவன் என்னை "யா ஹாஜ்" என்று கூப்பிட்டான். நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. ஆனால் மரியாதையைத் திருத்துவது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

கோப்பிக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கோப்பி முட்டை ஓட்டளவு கோப்பையில் வரும், அடியில் பாதி சேறு. முதல் நாள் நான் சேற்றையும் குடித்தவன், இப்போது விட்டுவைக்கப் பழகியிருந்தேன்.

"இவரிடம் சொல், என் மகளை வீட்டை விட்டு எழும்பச் சொல்லவேண்டும். இந்தக் கிழமைக்குள்" என்றேன்.

ஹஸன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "யா ஹாஜ், பிள்ளை வயிற்றோடு இருப்பவளையா?"

"அவளுக்கு அங்கே வீடு இருக்கிறது. நான் கட்டிய வீடு. நீ சொல்."

சொன்னான். யோர்கோஸ் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார். ஒரு சுவர் பூசி முடிக்கிற நேரம் கதைத்தார். கையை விரித்தார், மேசையில் குத்தினார், பக்கத்து மேசைக் கிழவர்களையும் சாட்சிக்கு இழுத்தார். அவர்களும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

"என்ன சொல்கிறார்?"

"விருப்பம் இல்லையாம்."

"இவ்வளவு நேரமும் அதையா சொன்னார்?"

"மிச்சம் உங்களைப் பற்றி. அதை நான் சொல்லமாட்டேன், நீங்கள் வயதான ஆள்."

மறுநாள் காலை யோர்கோஸே வந்து கதவைத் தட்டினார், பக்கத்தில் ஹஸன். சைகை காட்டி என்னை மொட்டைச் சிலாப்புக்குக் கூட்டிப்போனார். நான் தினமும் தொழுகிற இடம்தான் அது. கம்பிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, இந்தமுறை ஹஸன் ஒன்றையும் விடாமல் சொன்னான்.

அவருக்கு ஒரே மகள். அந்தப் பக்கத்து ஊர்களிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகுமாம். (வரிக்கு விட்ட கம்பி என்று சொன்ன மருமகன் அப்போது அங்கே நின்று இதைக் கேட்காததுதான் எனக்குக் குறை.) மகளுக்கென்று இந்தத் தட்டைத் தொடங்கினார். அவள் கலியாணம் முடித்து அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். தலைப்பிள்ளை பிறக்கிற நேரம், "வா அப்பா" என்று கூப்பிட்டாளாம். நான் வீடு கட்டி வைத்திருக்கிறேன், நீதான் வரவேண்டும் என்று இவர் இருந்துவிட்டார். அவள் வரவில்லை. இவரும் போகவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. போனில் இவரை "ஐயா" என்று கூப்பிடுகிறதாம், தெரியாத ஆளைக் கூப்பிடுவது போல.

நான் ஒரு கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். கையில் செதில் செதிலாகத் துரு வந்தது.

"கடல் காற்றுக்கு இப்படி விடலாமா? சீமெந்துப் பாலாவது பூசி வைத்திருக்கவேண்டும் என்று சொல்" என்றேன்.

ஹஸன் சொன்னான். யோர்கோஸ் திருப்பிக் கேட்டது ஒரே சொல்.

"யாருக்காக என்று கேட்கிறார்."

கையில் ஒட்டிய துருவைச் சாரனில் துடைத்தேன்.  

கீழே இறங்கி மகளுடைய ஹோலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளை முகடு, நடுவில் ஒரு விளக்கு. ஒரு கொளுக்கி இல்லை.

"இது என்ன வீடு?" என்றேன்.

மகள், "ஏன் வாப்பா?" என்றாள். நான் திரும்பவும் மேலே ஏறினேன்.

ஹஸனிடம் சொன்னேன், "இவரிடம் கேள், இரும்பு அறுக்கிற வாள் இருக்கிறதா, துளை போடும் மெஷின் இருக்கிறதா. அந்த மூலைத் தூண் கம்பியில் ஒரு முழம் எனக்கு வேண்டும். நல்ல கம்பி, துரு மேலோடுதான்."

விசயத்தை ஹஸன் விளக்க, யோர்கோஸ் கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்கு விட்ட கம்பி அல்லவா. பிறகு வாளை எடுத்துவந்து தானே அறுத்தார். என்னை அறுக்க விடவில்லை.

வேலையை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு ஆளுக்கு ஆள் ஒவ்வொரு விதமாகக் கதைக்கிறார்கள். கட்டி முடித்த சிலாப்பில் கொளுக்கி போடுவது சின்ன விசயம் இல்லை. கீழிருந்து ஆணி அடித்தால் ஒருநாள் பிள்ளையோடு கழன்று வரும். மேலிருந்து சிலாப்பை ஊடறுத்துத் துளைக்க வேண்டும். கம்பியின் ஒரு முனையைக் கொளுக்கியாக வளைத்துக் கீழிருந்து ஏற்றி, மேலே வந்த முனையைக் குறுக்குக் கம்பியில் சுற்றி மடக்கி, மழைத் தண்ணீர் இறங்காமல் சீமெந்தால் அடைக்க வேண்டும். கம்பியை நான் என் கையால் வளைத்தேன். யோர்கோஸ் செய்தது மெஷினைப் பிடித்தது. அதையும் கோணலாகப் பிடித்தார். கீழே எலேனி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தூசிக்குக் கத்தினாள். ஹஸன் அதை மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

இரண்டு நாள் சீமெந்தை இறுக விட்டோம். ஒன்பதாம் நாள் சோதனை. பிள்ளை மூன்று கிலோ என்றால் கொளுக்கி முப்பது மடங்கு தாங்கவேண்டும், என் கணக்கு அது. ஒரு கயிற்றைப் போட்டு நான் தொங்கினேன். அசையவில்லை. யோர்கோஸுக்கு நம்பிக்கை வரவில்லை, அவரும் வந்து பிடித்தார். நாற்பது வருடம் பாலாடைக்கட்டி தின்ற உடம்பு. இரண்டு பேரும் காலை மடக்கிக்கொண்டு ஒன்றாகத் தொங்கினோம். ஹஸன் அரபியில் எண்ணினான், "வாஹித், இத்னேன், தலாத்தா..."

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள்.

இரண்டு கிழவர்கள் அவளுடைய ஹோலில் கோழி போலத் தொங்குகிறோம். எனக்குச் சாரன் வேறு. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கடைசியில் கதிரையில் இருந்துவிட்டாள்.

"இறங்குங்க வாப்பா... அல்லாட காவல்... நான் சிரிச்சே புள்ளயப் பெத்திருவன்!"

இறங்கினேன். அவள் கொளுக்கியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"அப்ப நான் வரத் தேவல்லியா?"

"ஆரு உன்ன வரச் சொன்ன? நான் கொளுக்கி போடத்தான் வந்தன்."

 சின்ன வயதில் செய்வது போல என் சேட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். நல்ல சேட்டு அது.

ஏணைக்குச் சேலை வேண்டுமே என்று யோசித்தபோது மகள் பார்சல் பெட்டியைக் கொண்டுவந்தாள். கருவாட்டுக்கு அடியில் மருதமுனைப் பருத்திச் சேலை ஒன்று, பழையது, துவைத்து மடித்து வைத்தது. சப்னா ஆடிய அதே சேலை. அவளுக்கு முன்னால் மூன்று பேர் ஆடியதும் அதுதான். கடல் வந்த அன்று சுலைஹா உடுத்தியிருந்ததால் மிஞ்சியது. சுலைஹாவைப் போனில் பிடித்தேன்.

"இத என்னத்துக்கு வெச்ச?"

"கருவாடு உடையாம இரிக்க வெச்சன்."

"அவள் வரமாட்டாள் எண்டு உனக்கு முதலே தெரியுமா?"

"கருவாடு உடைஞ்சதா இல்லியா? அதச் சொல்லுங்க."

"உடையல்ல. நான் இஞ்ச கொளுக்கி போட்டிட்டன்."

 பக்கத்தில் யாரிடமோ அவள் சொல்வது கேட்டது: "ஆளக் கூட்டிட்டு வரப் போனவர் கொளுக்கியப் போட்டிட்டு வாறார்."

பத்தாம் நாள் தனியாக பஸ் ஏறினேன். சப்னாவுக்கு எடுத்து வைத்த டிக்கட் என் சேட்டுப் பையில் மடிந்தபடியே கிடந்தது. இந்தமுறை வழியில் பஸ்ஸை விட்டு நான் இறங்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். மருமகன் போனில் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டோவோடு ஒரு பதிவு போட்டார். பிள்ளை ஏணைக்குள் கிடக்கிறாள், ஒரு கால் மட்டும் வெளியே. மூத்த மகள் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். டொக்டருக்கு நன்றி. தாதிமாருக்கு நன்றி. படகுப் பட்டறை முதலாளிக்கு நன்றி. சூப் வைத்துத் தந்த எலேனிக்கு நன்றி. "எங்கள் பிள்ளைக்கு அழகான ஏணை அமைத்துத் தந்த யோர்கோஸுக்கு" தனியாக நன்றி. வாசித்து முடிந்துவிட்டது. "மற்றப் பக்கத்தப் பாரு" என்றேன். மற்றப் பக்கம் கிடையாது.

யோர்கோஸ் பற்றியும் செய்தி வந்திருக்கிறது. மூலைத் தூணில் இன்னொரு முழம் கம்பியை அறுத்து, நான் வளைத்த மாதிரியே வளைத்து, பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மனைவியோடு அவுஸ்திரேலியாவுக்குப் போயிருக்கிறாராம். அங்கே மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது. போகட்டும், சந்தோசம். ஆனால் ஹஸன் சொல்லி அனுப்பிய விசயம் வேறு: கோப்பிக் கடையில் அந்தக் கொளுக்கி தன்னுடைய யோசனை என்று அந்த மனிதர் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாராம்.

சப்னாவின் வீட்டை நேற்றுத் திறந்து பார்த்தேன். ஏணைக் கொளுக்கியில் சுலைஹா வாழைக்குலை கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். பழுக்கட்டுமாம். கழற்றச் சொன்னேன். "புள்ள வாற நேரம் கழத்துவன்" என்கிறாள்.

மருமகன் றிம்சானுக்கு இதை எல்லார் முன்னிலையிலும் எழுதுகிறேன். அந்தப் பதிவைத் திருத்தவேண்டும். நன்றி எனக்கு வேண்டாம், மாமனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. பிள்ளை ஏணையில் ஆடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. ஏணை எதில் தொங்குகிறது? அதை எழுதுங்கள். கம்பி யோர்கோஸுடையது, மறுக்கவில்லை. சேலை சுலைஹாவுடையது, அதையும் எழுதலாம். கொளுக்கி போட்டவர், கல்முனை மீராலெவ்வை பாஸ். பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். பிள்ளை வளர்ந்து வாசிக்கப் பழகியதும், என்னைப் போனில் "ஐயா" என்று கூப்பிடக் கூடாது.